சம்பவப் புத்தகத்தில் மூன்று குறிப்புகள்

அருங்காட்சியகக் காவல் என்பது, எல்லோரும் சுவரைப் பார்க்கிற அறையில், சுவரைப் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை.

பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர்கள், ஜவுளிக்கடையில் புடவை உதறுகிறவர்கள், வகுப்பில் தொண்டை வற்றக் கத்துகிறவர்கள் என்று, நாள் முழுக்க நின்றே சம்பளம் வாங்குகிற என் சக பாவிகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நாற்காலிக்காரர்களும் படிக்கலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் குதிகாலில் கிளம்பி இடுப்பில் போய்க் குடியேறும் அந்த வலியை அவர்களுக்கு என்னால் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

நான் திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டு செக்‌ஷனில் பதினாலு வருஷம் நின்றவள். கடையை மூடியபோது, பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன அருங்காட்சியகத்துக்குக் காவலுக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். போனேன். "எட்டு மணி நேரம் நிக்கணும், முடியுமா?" என்று இயக்குநர் மேடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளே சேர்ந்துவிட்டேன், தற்காலிகமாக. அங்கே நாங்கள் ஆறு காவலர்கள், ஆறு பேருமே தற்காலிகம். வாசலில் டிக்கெட் கிழிக்கிற சுடலைமுத்து அண்ணாச்சி ஒன்பது வருஷமாகத் தற்காலிகம்.

அந்த நிலைமையில்தான் ஐரோப்பாவிலிருந்து நாற்பத்தெட்டுப் படங்கள் வந்து இறங்கின. நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய பெரிய ஓவியர்கள், பெரிய படம் தீட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் போட்டுப் பார்த்த கோடுகள். பழுப்பு மையிலும் கரியிலும் சிவப்புச் சாக்குக்கட்டியிலும் வரைந்தவை. சென்னையில் காட்டிவிட்டு ஊருக்குத் திருப்பி அனுப்ப இருந்ததை, எங்கள் அறக்கட்டளைத் தலைவர் யார் யார் கையையோ காலையோ பிடித்து மூன்று மாதத்துக்கு இங்கே வரவழைத்துவிட்டார். படங்களோடு ஹெல்கா என்ற வெள்ளைக்கார அம்மாவும் வந்து, கடைசி ஆணி அடிக்கும்வரை கூட நின்றார். போகும்போது ஒரு தடித்த நோட்டை என் கையில் கொடுத்தார். அதுதான் சம்பவப் புத்தகம். படத்தை யாராவது தொட்டாலும், தட்டினாலும், படத்துக்கு எது ஆனாலும் அதில் எழுத வேண்டும். மூன்று சம்பவம் ஆகிவிட்டால் ஒப்பந்தப்படி நாற்பத்தெட்டும் பெட்டிக்குள் போய்விடும். "மூணு மாசமும் நல்லபடியா முடிஞ்சா உங்க ஆறு பேரையும் நிரந்தரமாக்கறதா டிரஸ்ட்ல சொல்லியிருக்காங்க" என்றார் மேடம். எனக்கு நாற்பத்தாறு வயது. இதை விட்டால் வேறு எந்தக் கடையிலும் என்னை நிற்க வைக்க மாட்டார்கள். புத்தகத்தை ரொம்ப மரியாதையாக வாங்கிக்கொண்டேன்.

வேற கலர்

முதல் வாரம் வந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே காலை வைத்ததும், "கரண்டு இல்லியா?" என்றுதான் கேட்டார்கள். பழைய காகிதத்தை வெளிச்சம் தின்றுவிடும் என்பதால் விளக்கை மங்கலாகத்தான் வைக்க வேண்டும். இதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவேன். நூற்றியோராவது தடவை குரல் கொஞ்சம் கூர்மையாகிவிடும். மேடமிடம் அதற்காக இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டவுனிலிருந்து ஓர் அம்மா இரண்டு மகள்களோடு வந்தார். படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் உற்றுப் பார்த்தார். "நீ பட்டு செக்‌ஷன்ல நின்ன பிள்ளைலா?" என்றார். அவ்வளவுதான், அறை கடையாகிவிட்டது. ஒவ்வொரு படமாக நின்று, "இதே டிசைன்ல வேற கலர் இல்லியா?" என்று கேட்டார். இல்லை, எல்லாம் பழுப்பும் சிவப்பும்தான் என்றேன். "அந்த மூணாவதைக் கழட்டி வாசலுக்குக் கொண்டா, வெளிச்சத்துல பாப்போம்" என்றார். பதினாலு வருஷப் பழக்கம் விடுமா? என் கை சட்டத்தை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. நல்லவேளை, படங்களுக்கு முன்னால் கட்டியிருந்த கயிறு தட்டி நின்றேன். அதெல்லாம் முடியாதும்மா, இங்கே இப்படித்தான் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மகள்கள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கும் இவ இப்படித்தான் உள்ளுக்குள்ள வச்சே காட்டுனா. வீட்டுக்குப் போயிப் பாத்தா அரக்கு, மெரூனா இருந்துச்சு."

மூலப் பத்திரம்

ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நாற்பது வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவராம். படத்தில் இருந்த குதிரையையோ வீரனையோ அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கீழ் மூலையில் இருந்த சின்னச் சின்ன முத்திரைகள்தான் அவர் கண்ணில் பட்டன. அந்தக் காலத்தில் படத்தை வாங்கினவர்கள் ஆளுக்கொரு முத்திரையைக் காகிதத்திலேயே குத்திவிடுவார்களாம். ஒரு படத்தில் ஐந்து முத்திரை இருந்தது. பெரியவருக்குப் பரவசம். "ஒண்ணு, ரெண்டு... அஞ்சு கை மாறியிருக்கு. இதுல யாரு யாருக்குக் கிரயம் பண்ணிக் குடுத்தா? வில்லங்கம் பாத்தாச்சா?" என்றார். நான் விளக்க அட்டையைக் காட்டினேன். அதில், ஓவியர் பெயர் தெரியவில்லை என்று போட்டிருந்தது. அவருக்கு முகமே மாறிவிட்டது.

"சொத்தை உண்டாக்குனவன் பேரே தெரியாதா?" என்றபடி சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நான் 'ஐயா' என்று சொல்லி முடிப்பதற்குள், கயிற்றுக்கு மேலே குனிந்து, பூதக்கண்ணாடியைப் படத்தின் கண்ணாடியில் 'டொக்' என்று வைத்துவிட்டார். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தட்டினால் தட்டினதுதான். புத்தகத்தில் முதல் குறிப்பை எழுதினேன். எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, என் வாக்கியத்தில் இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். தேதி, நேரம், சாட்சி எல்லாம் போடச் சொன்னார். சாட்சியாக அவரே கையெழுத்தும் போட்டார். கிளம்பும்போது என் மேல் அவருக்கு உண்மையிலேயே இரக்கம் வந்துவிட்டது.

"படம் நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா மூலப் பத்திரம் இல்லாத சொத்துக்கு நீ காவல் நிக்க. நாளைக்கு வாரிசுன்னு எவனும் வந்தா, என்னைய மட்டும் சாட்சிக்குக் கூப்பிட்டுராத."

ஓய்வெடுக்கும் பசு

இது சின்ன விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டாம் படம் ஒரு மாடு. கரியால் போட்டது, படுத்திருக்கிறது. விளக்க அட்டையில் 'ஓய்வெடுக்கும் பசு' என்று இருந்தது. ஸ்ரீவைகுண்டத்து மாட்டுத் தரகர் ஒருவர், மகளைக் கல்லூரியில் விட வந்தவர், பொழுது போகாமல் உள்ளே வந்தார். மற்ற நாற்பத்தேழையும் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, பன்னிரண்டின் முன்னால் அரை மணி நேரம் நின்றார். படித்தவர்கள்கூட அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. வயிற்றைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், பின்னங்கால் மடங்கியிருந்த விதத்தைப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நான் வரைந்த மாதிரி. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, விளக்க அட்டையைச் சுட்டிக் காட்டினார்.

"ஓய்வாவது ஒண்ணாவது! வலி எடுத்துல்லா கெடக்கு. விடியுததுக்குள்ள கன்னு போட்டுரும், எழுதுனவரை வந்து பக்கத்துல இருக்கச் சொல்லுங்க."

வெள்ளிக் கை

நம் பக்கத்தில் உடம்பில் ஒரு பாகத்துக்கு நோவு என்றால், அந்தப் பாகத்தை வெள்ளித் தகட்டில் செய்து கோயிலிலோ மாதாவுக்கோ அந்தோனியாருக்கோ காணிக்கை போடுவது வழக்கம். கண்ணுக்குக் கண், காலுக்குக் கால். இது எனக்கும் தெரியும். ஆனால் இருபதாம் படத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படம் வெறும் கைகள். ஒரே தாளில் ஐந்து கைகள், மடக்கினது, நீட்டினது, எதையோ பிடித்தது. ஓவியர் கை வரையப் பழகியிருக்கிறார், அவ்வளவுதான். உவரியிலிருந்து வேனில் வந்த பெண்களில் பிலோமினா என்ற அக்கா அதன் முன்னால் நின்றதும் சிலுவை போட்டுக்கொண்டார். "அஞ்சு கை போட்டிருக்கானே, அவன் வீட்டுல எத்தனை பேருக்கு நோவோ" என்றார். அப்படி இல்லைக்கா என்று விளக்கப் பார்த்தேன். அவர் கேட்கிற நிலைமையில் இல்லை. அவர் வீட்டுக்காரருக்குப் படகில் வலைக் கயிறு சுற்றி வலது கை நசுங்கி, இரண்டு மாதமாக விரல் மடங்கவில்லையாம். கையைக் கட்டின லேஞ்சித் துணியைத் தினமும் இந்த அக்காதான் துவைத்துப் போடுகிறாராம்.

அவர்கள் போன பிறகு பார்த்தால், இருபதாம் படத்துச் சட்டத்தின் மேல் விளிம்பில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளிக் கை. எப்போது வைத்தார், எப்படி எட்டினார் என்று இன்றுவரை தெரியாது. நான் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். சட்டத்தின் மேல் அந்நியப் பொருள், இரண்டாவது குறிப்பு. எழுதும்போது எனக்குப் பிலோமினா அக்காவின் மேல் கோபம் கோபமாக வந்தது. வெள்ளிக் கையை ஒரு தாளில் மடித்து மேஜைக்குள் வைத்து, வரட்டும், நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று காத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து வந்தார். கையில் ஒரு பை நிறையக் கருவாடு. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சியில் விரல் மடங்க ஆரம்பித்துவிட்டதாம். நாலு வார்த்தையில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. வெள்ளிக் கையை எடுத்து நீட்டி, இதை உங்கள் கோயிலிலேயே போட்டுவிடுங்கள் அக்கா, வேண்டினதைக் கேட்டுக் கொடுக்க இங்கே சாமி யாரும் இல்லை என்றேன்.

"கோயிலுக்கு வேற செஞ்சு போட்டாச்சு. இது இங்கன நேந்தது, இங்கனயே இருக்கட்டும். யாரு குடுத்தா என்ன, சோத்தை அவரே பிசைஞ்சு திங்காருல்லா."

நின்றவர்

மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர், வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, வந்ததும் நேராகப் படத்துக்குப் போகவில்லை. முதலில் அறையின் நாலு மூலையையும் பார்த்தார். கேமரா எங்கே, வாசல் எத்தனை, நான் எங்கே நிற்கிறேன், நான் நிற்கிற இடத்திலிருந்து எது மறைகிறது என்றெல்லாம் பார்த்தார். இரண்டு குறிப்பு ஏற்கெனவே விழுந்திருந்தது. மெல்ல அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் திரும்பி, என் காலைப் பார்த்து, "ஒரு கால்ல பாரத்தைப் போடாதியம்மா, இடுப்பு போயிரும். கால் மணிக்கு ஒருக்க குதிகாலைத் தூக்கி இறக்குங்க. ரப்பர் செருப்பு வேண்டாம்" என்றார்.

வளைகுடாவில் ஒரு பெரிய மியூசியத்தில் இருபத்திரண்டு வருஷம் காவல் நின்றவராம். பிறகு எங்கே படம் பார்ப்பது? தொழில் பேச்சுத்தான். பிள்ளைகளை எங்கே மடக்குவது, கூட்டம் வந்தால் எந்த ஓரத்தில் நிற்பது, கொட்டாவியை எப்படி மூக்கு வழியாக விடுவது என்று எனக்கு எட்டு வாரத்தில் யாரும் சொல்லித் தராததெல்லாம் இருபது நிமிஷத்தில் சொன்னார். மணி ஐந்தாகி, அண்ணாச்சி மூடுகிற மணியை அடித்துவிட்டார். படம் ஒன்றுமே பார்க்கவில்லையே வாப்பா, நாளைக்கு வாருங்கள், நான் சொல்லி வைக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

"இருபத்திரெண்டு வருசத்துல ஒரு படமும் நான் நின்னு பாத்ததில்லம்மா. இன்னைக்கு ஒரு நாளாவது டிக்கெட் எடுத்து ராசா மாதிரிப் பாப்போம்னுதான் வந்தேன். வந்தும் உங்க காலைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

முப்பத்தோராம் படம்

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் படித்துறையைத் தாண்டி ஓடியது. எங்கள் அறையில் மட்டும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் மாட்டியிருந்த ஈரப்பத மீட்டர் ஐம்பத்திரண்டு காட்டியது. ஐம்பத்தைந்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. மணிக்கொரு தடவை பார்த்து நிம்மதிப்பட்டுக்கொள்வேன். அந்தச் சனிக்கிழமை கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பளம் போடுகிற பெண்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். மற்றவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு சுற்ற, இசக்கியம்மாள் என்ற ஒருத்தி மட்டும் முப்பத்தோராம் படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். அந்தப் படம் ஒரு முழம்கூட இருக்காது. மண்டியிட்ட ஓர் ஆளின் முதுகு, சிவப்புச் சாக்குக்கட்டியில் வரைந்தது. முகம் கிடையாது, யார் என்று தெரியாது, வெறும் முதுகு. நாற்பத்தெட்டில் எனக்குப் பிடித்தது அதுதான். மூட்டை தூக்கி இறக்கினவன் முதுகு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

"ஏம்மா, தரையில உக்காரக் கூடாது" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. தலையைச் சாய்த்து, கன்னத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஓரவாட்டில் பார்த்தாள். "இது காயலியே" என்றாள். நானூறு வருஷமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது அம்மா என்றேன், கொஞ்சம் நக்கலாகத்தான். "நேர பாத்தா தெரியாது. நாங்க அப்பளத்தை நெழல்ல ஆத்திட்டு இப்படித்தான் சாய்ஞ்சு பாப்போம். நடு உப்பிக்கிட்டு நிக்கி, ஓரம் இழுக்குது. பின்னாலருந்து ஈரம் குடிக்கி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மீட்டரைக் காட்டினேன். ஐம்பத்திரண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். "மீட்டரு அறையைப் பாக்கு. நான் தாளைப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"இன்னைக்கு எடுத்துப் பைய ஆத்துனியன்னா தப்பிச்சுது. நாலு நாள் விட்டா பூசணம் பூத்துரும். பொறவு யாரு வந்தாலும் தொடைக்க முடியாது."

மூன்றாவது குறிப்பு

கூட்டம் போன பிறகு, நானும் அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. முதுகின் நடுப்பகுதி கண்ணாடியை நோக்கி ஒரு நூல் அளவுக்கு எழும்பியிருந்தது, மண்டியிட்டவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. ஒரு தடவை தெரிந்த பிறகு எப்படிப் பார்த்தாலும் அதுதான் தெரிந்தது. வாசலுக்குப் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் டிக்கெட் கட்டை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மீட்டரு சரியாத்தான காட்டுது?" என்றார். ஆமாம் என்றேன். "கேமராவுல தெரியுதா?" தெரியாது என்றேன். "பொறவு உனக்கு என்னத்துக்குத் தாயி வம்பு? இன்னும் நாலு வாரம். நல்லபடியா பொட்டியில வச்சு அனுப்பிருவோம். ஏற்கெனவே ரெண்டு எழுதியாச்சு. மூணாவதையும் எழுதி ஆறு பேரு பொழப்புல மண்ணைப் போடாத" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஐரோப்பாவில் போய்ப் பெட்டியைத் திறந்து பூசணத்தைப் பார்த்தால், விமானத்தில் ஈரம் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். முக்கால் மணி நேரம் யோசித்தேன். வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்றும் யோசித்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் கண் அந்த முதுகுக்குத்தான் போனது. எட்டு வாரம் ஒருத்தனுக்குக் காவல் நின்றுவிட்டு, என் கண்ணெதிரே அவன் நனைகிறபோது நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பதா? பயந்துகொண்டேதான் புத்தகத்தைத் திறந்து எழுதினேன்: 'கல்லிடைக்குறிச்சி இசக்கியம்மாள் சொன்னபடி முப்பத்தோராம் படம் நடுவில் உப்பியிருக்கிறது. நானும் பார்த்தேன்.' அண்ணாச்சி படித்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேடமுக்குப் போன் போட்டேன். எழுதினதைப் படித்துக் காட்டினேன்.

"செண்பகம், இது மூணாவது. நீங்க எண்ணிப் பாத்துட்டுத்தானே எழுதினீங்க?"

கண்ணாடி இல்லாமல்

மேடம் அன்றைக்கே படத்தைச் சுவரிலிருந்து இறக்கி உள்ளறையில் வைத்துவிட்டார், ஆனால் சட்டத்தைத் திறக்க எங்களுக்கு உரிமை இல்லை. மூன்றாம் நாள் ஹெல்கா தூத்துக்குடி விமானத்தில் வந்து இறங்கினார். அந்த மூன்று நாளும் அண்ணாச்சி என்னோடு பேசவில்லை. மற்ற நாலு பேரும் பேசினார்கள், பேசாமலே இருந்திருக்கலாம். ஹெல்கா கையுறை போட்டுக்கொண்டு சட்டத்தைப் பிரித்தார். பின் அட்டையைத் தொட்டுவிட்டு மேடமைப் பார்த்தார். அட்டை ஜில்லென்று ஈரமாக இருந்தது. ஏசித் தண்ணீர் போகிற குழாய் அடைத்துக்கொண்டு, அந்த ஓர் இடத்தில் மட்டும் சுவருக்குள் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. காகிதம் அப்போதுதான் ஈரத்தைக் குடிக்க ஆரம்பித்திருந்தது. பூசணம் இல்லை, கறை இல்லை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சிவப்பு முழுக்கப் போயிருக்கும் என்றார். தடித்த தாள்களுக்கு நடுவே வைப்பதற்கு முன்னால், அதை மேஜையில் வைத்து என்னைக் கிட்டே வரச் சொன்னார். கண்ணாடி இல்லை, கயிறு இல்லை. சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. வரைந்தவனின் கை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது.

பிறகு ஹெல்கா சம்பவப் புத்தகத்தைக் கேட்டார். மேடம் மூன்று குறிப்பையும் ஆங்கிலத்தில் படித்துக் காட்டினார். பத்திர எழுத்தருக்கும் வெள்ளிக் கைக்கும் ஹெல்கா சிரிக்கக்கூட இல்லை. மூன்றாவது வந்ததும், இசக்கியம்மாள் யார் என்று கேட்டார். அப்பளம் என்றால் என்ன, எதில் தேய்ப்பார்கள், எங்கே ஆற்றுவார்கள், சாய்ந்து பார்த்தால் என்ன தெரியும் என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவரும் பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்து சாய்ந்து பார்த்தார். எழுந்து, பேனாவை எடுத்து, மூன்றாவது குறிப்பின் மேல் ஒரே கோடாகப் போட்டு அடித்துவிட்டு, ஏதோ சொன்னார். மேடம் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"முதல் ரெண்டும் சம்பவம்தானாம். இது சம்பவம் இல்ல, இதுக்குப் பேர்தான் காவல்னு சொல்றாங்க."

நானும் சேர்ந்து

முப்பத்தோராம் படத்தை மட்டும் ஹெல்கா கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்ற நாற்பத்தேழும் கடைசி நாள்வரை இருந்தன. வருகைப் பதிவேட்டில் இருந்த நம்பரில் இசக்கியம்மாளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். நன்றி சொல்ல விடாமல், தாளை நிழலில்தானே ஆற்றினார்கள், வெயிலில் காட்டவில்லையே என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். உளுந்தமாவு பிசைகிற வேலை கிடக்கிறது என்று வைத்துவிட்டாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அண்ணாச்சி பின்னால் நிற்கிறார், கையில் இரண்டு டம்ளர் டீ. மூன்று நாள் கழித்து அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார். ஒரு டம்ளரை நீட்டினார். இரண்டு பேரும் ஒரு வாய் குடித்தோம். கோபமாக எதுவோ கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏ தாயி, இனிமே இந்த மாதிரி எழுதுததுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லு. நானும் சேந்து பயந்துக்கிடுதேன். நீ ஒத்தையில நின்னு பயந்தது நல்லால்ல."

அந்த முதுகு பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஹெல்காவின் கடிதம் வந்துவிட்டது, எங்கள் ஆறு பேரின் நிரந்தர ஆணை மட்டும் எந்த மேஜையிலோ இருக்கிறதாம், ஈரம் படாமல் இருந்தால் சரி.